ஒரகடத்தில் மனை வாங்கும் முன்: அந்த நிலம் யாருடையது?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் வரை ஒருமுறை போய் வாருங்கள். ஆலைகளின் பெயர்ப் பலகைகளைவிட மனை விற்பனைப் பலகைகளே அதிகம் கண்ணில் படும். 'விமான நிலையம் வருகிறது', 'மெட்ரோ வருகிறது', 'பெங்களூரு விரைவுச் சாலை வருகிறது', 'விலை ஏறும் முன் பதிவு செய்யுங்கள்'. யூடியூபில் ஒரு கூட்டம் தினமும் இதையே பேசுகிறது. ஐந்து வருடத்தில் இரண்டு மடங்கு, பத்து வருடத்தில் ஐந்து மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஐ.டி. நிறுவனத்தில் வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆனவர்கள், கையில் கொஞ்சம் சேமிப்பும் கடன் வாங்கும் தகுதியும் வந்தவுடன், ஞாயிற்றுக்கிழமை 'சைட் விசிட்' வேனில் ஏறிவிடுகிறார்கள். அந்த வேனில் நம் வாசகர்களும் இருக்கிறார்கள்.

மனை வாங்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சென்ட் நிலம்கூடத் தன் பேரில் இல்லாத குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் தன் பெயரில் பத்திரம் பதிவது சாதாரண விஷயம் அல்ல. கிராமத்தைச் சாதியின் கோட்டையாகப் பார்த்த அண்ணல் அம்பேத்கர் நம்மை நகரத்துக்கு வரச் சொன்னார். வந்த இடத்தில் காலூன்ற ஒரு வீடு வேண்டும். ஆனால் குடியிருக்க வீடு தேடுவது ஒன்று. விலை ஏறட்டும் என்று நிலத்தைப் பூட்டி வைப்பது வேறு. 'முதலீடு' என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. அதோடு ஒரு கேள்வியையும் மறைத்துவிடுகிறது. ஏறுகிற இந்த விலை யார் கைக்குப் போகிறது? யார் கையிலிருந்து போனது?

விலையை ஏற்றியது யார்?

1996இல் ஹூண்டாயுடன் ஒப்பந்தம் போடப்பட்டு, 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து கார் வெளிவரத் தொடங்கியது. அதன்பின் கண்ணாடி ஆலை வந்தது. 2006இல் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் – வடகால் என்று விரிந்துகொண்டே போயின. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டபோது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அதற்குள் வந்தது.

இதில் மனை உரிமையாளர் செய்தது என்ன? ஒன்றும் இல்லை. சாலையைப் போட்டது அரசு. நிலத்தைக் கையகப்படுத்திக் கம்பெனிக்குக் கொடுத்தது அரசு. மூன்று ஷிப்டிலும் நின்று உற்பத்தி செய்தது தொழிலாளர்கள். சாலையும் ஆலையும் உழைப்பும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு, பத்திரத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவர் பாக்கெட்டுக்குப் போகிறது. ஆக, பத்திரத்தில் யார் பெயர் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் எப்போதும் சாதிதான் பதில் எழுதியிருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி, பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நிலத்தில் அவர்களுடைய பங்கு அந்த அளவுக்கு இருந்திருந்தால், கடந்த முப்பது வருட விலை ஏற்றத்தில் நாலில் ஒரு பங்கு சேரிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினரிடம் இருந்தது ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. நிலம் இல்லாதவருக்கு நில விலை ஏறுவது நற்செய்தி அல்ல. அவருக்கு அது வாடகை ஏற்றம். வீட்டுமனை கனவாகிப் போவது. இனி ஒருபோதும் வாங்க முடியாது என்ற தீர்ப்பு.

செங்கல்பட்டின் பழைய கணக்கு

இந்த வட்டாரத்தின் நிலக் கதை 1996இல் தொடங்கவில்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், 1891இல் இங்குள்ள பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலம் ஏராளமாகத் தரிசாகக் கிடந்தும் உழுகிற மக்களுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்பதை அந்த அறிக்கை விளக்கியது. அன்று கிராமத்தில் மிராசுதாரர் வைத்ததுதான் சட்டம். தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் மனுப்போட்டால், 'எனக்கே முன்னுரிமை' என்று மிராசுதாரர் தடுத்துவிடலாம். அதைவிடக் கொடுமை, சேரியின் குடிசை நின்ற மண்ணே மிராசுதாரருடையதாகக் கருதப்பட்டது. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்வார். வீடு பறிபோகும் என்ற பயம்தான் கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தது.

அந்த அறிக்கையையும், அன்று ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தும் மிஷனரிகளிடமிருந்தும் எழுந்த குரலையும் அடுத்து, 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010ஏ எண்ணிட்ட அரசாணைகள் வந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிற நிலம் இதில் பிறந்தது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. முதல் பத்து வருடம் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறி நடந்த விற்பனை செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அரசு கொடுக்கும் மானிய நிலத்துக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பொருந்தாது என்று 1895ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பஞ்சமி நிபந்தனைகள் செல்லும் என்று நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன.

மாநிலம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாக நில உரிமை இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். எப்படிப் போனது? ஒரு மூட்டை நெல்லுக்கும், கல்யாணச் செலவுக்கும், மருத்துவத்துக்கும் எழுதி வாங்கிய வெற்றுத்தாளில் போனது. பின்னர் 1980களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், மக்கள் வாயில் யு.டி.ஆர்., வந்தபோது, 'அனுபவத்தில் இருப்பவர்' என்ற பெயரில் பட்டா கைமாறிய கதைகள் ஊர்தோறும் உண்டு. கணக்குப்பிள்ளை யார் திண்ணையில் உட்கார்ந்து கணக்கெழுதினார் என்பதைப் பொறுத்து அனுபவம் யாருடையது என்று முடிவானது.

இந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கும் இந்த மாவட்டமே சாட்சி. காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்டு, அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். ஹூண்டாய் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு இரண்டே வருடம் முன்பு நடந்தது இது. கம்பெனி வருவதற்கு முன்பே நிலத்தின் அருமை அறிந்து அதைக் கேட்டவர்கள் இந்த மக்கள். இன்று 'வளரும் பகுதி' என்று தரகர் காட்டுகிற வரைபடத்தில் அந்த ரத்தத்துக்கு இடமில்லை.

2011 சனவரியில் அன்றைய தி.மு.க. அரசு, பஞ்சமி நிலங்களைக் கண்டறிய ஓய்வுபெற்ற நீதியரசர் மு. மருதமுத்து தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஆட்சிகள் மாறின. தேர்தல் மேடைகளில் பஞ்சமி நிலம் ஒருவரை ஒருவர் குத்தும் ஆயுதமாகப் பயன்பட்டது. கிராமவாரியாக, சர்வே எண்வாரியாக, எல்லோரும் பார்க்கும்படி ஒரு பட்டியல் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

இழப்பீடு யாருக்கு?

நிலம் கையகப்படுத்தப்படும்போது பத்திரம் வைத்திருப்பவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. அந்த நிலத்தில் நாற்று நட்ட, களை எடுத்த, அறுவடை செய்த பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? மேய்க்கால் புறம்போக்கில் இரண்டு மாடு, நாலு ஆடு வைத்துப் பிழைத்தவருக்கு? ஏரியில் மீன் பிடித்தவருக்கு? காகிதத்தில் அவர்கள் இல்லை. ஆகவே கணக்கிலும் இல்லை.

2013ஆம் ஆண்டு மத்திய நிலம் எடுப்புச் சட்டம் இதில் ஒரு வாசலைத் திறந்தது. நிலம் இல்லாத விவசாயத் தொழிலாளரும் குத்தகைதாரரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் வந்தார்கள். சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. நிலம் இழக்கும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு எந்தத் திட்டமானாலும் பதிலுக்கு நிலம், இழந்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர் இதில் எது குறைவோ அது, தரவேண்டும் என்று இரண்டாவது அட்டவணை சொல்கிறது.

தமிழ்நாடு என்ன செய்தது? 1997ஆம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டத்தை அந்த மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி, 105ஏ என்ற பிரிவைச் சேர்த்துக்கொண்டது. இதனால் மக்களின் ஒப்புதலும் சமூகத் தாக்க மதிப்பீடும் கழன்று போயின. 2019 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. சில வாரங்களில் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டுப் பழையதை உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரு கட்சி கொண்டுவந்ததை அடுத்த கட்சி கைவிடவில்லை. 2023இல் வந்த சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு நீர்நிலைகளையும் உள்ளடக்கிய அரசு நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க வழி செய்தது. சட்டமன்றத்தில் அது விவாதமின்றி நிறைவேறியது.

பரந்தூரைப் பாருங்கள். விமான நிலையத்துக்குத் திட்டமிட்ட ஏறத்தாழ 5,700 ஏக்கரில் ஏறத்தாழ 1,970 ஏக்கர் அரசு நிலம். மூன்றில் ஒரு பங்கு. அரசு ஆவணம் அதைப் புறம்போக்கு என்கிறது. விலை கொடுக்க வேண்டாத நிலம் என்று அர்த்தம். ஆனால் ஏரியும் வாய்க்காலும் மேய்ச்சலும் யாருடைய பிழைப்பு? பெரும்பாலும் பட்டா இல்லாதவர்களுடையது. 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் கிராம சபைத் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டுப் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயத்தை ஏற்கிற நாம், அதற்குள்ளேயே ஒரு கேள்வியையும் எழுப்ப வேண்டும். நாளை ஒரு தொகை பேசி முடிவானால், மேசையில் உட்காரப் போவது நிலம் உள்ளவர் மட்டுமா, நிலம் இல்லாதவருமா?

இதற்கு எதிராக இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். பட்டியல் சாதி மக்களுக்கு வீட்டுமனை கொடுப்பதற்காக நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம் வந்தது. எடுப்பது சில சென்டுகள், சில ஏக்கர்கள். அந்தச் சட்டத்தையே எதிர்த்து நில உடைமையாளர்கள் வழக்குப் போட்டு, 1990களில் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார்கள். ஊர்தோறும் தடையாணைகளால் மனைப்பட்டா கைக்கு வராமல் கிழவர்களாகிப் போனவர்கள் உண்டு. கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்க முடிந்த அரசுக்குச் சேரிக்கு மூன்று சென்ட் எடுக்க முடியவில்லை என்றால், குறை நிலத்தில் இல்லை.

சுற்றுச்சுவரும் 'காலனி பக்கம்' விலையும்

மனைப்பிரிவு விளம்பரத்தில் 'அமைதியான சூழல்', 'நல்ல குடும்பங்கள்', 'சைவம் மட்டும்' என்ற சொற்கள் வரும்போது அவற்றின் பொருள் நமக்குத் தெரியும். 'காலனி பக்கம் இல்ல சார், அது அந்தாண்ட இருக்கு' என்று தரகர் சொல்கிறார். வாங்குகிறவர் நிம்மதி அடைகிறார். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே சாலை. ஆனால் சேரியை ஒட்டிய மனைக்கு விலை குறைவு. தீண்டாமைக்குச் சதுர அடிக் கணக்கில் விலை போட்டு வைத்திருக்கிறது சந்தை. வாஸ்து பார்ப்பவர் வடகிழக்கைக் கேட்கிறார். சாதி பார்ப்பவர் சேரி எந்தத் திசையில் என்று கேட்கிறார். இரண்டும் ஒரே மேசையில் நடக்கின்றன.

சட்டத்தில் இதற்கு எதிராக என்ன இருக்கிறது? பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்த ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், அப்படி உறுப்பினரை வரையறுக்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுபான்மையினரின் சங்கம் பற்றிய வழக்கு அது. ஆனால் அந்த வாசலில் யாரெல்லாம் நுழைவார்கள் என்பதை யோசிக்க வேண்டும். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் சாதி பார்ப்பது இன்றும் நிற்கவில்லை. அப்பார்ட்மென்ட் வாசலில் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அதிலும் பிடிபடாவிட்டால் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று நேராகவே கேட்டு, 'வீடு ஏற்கனவே பேசியாச்சு தம்பி' என்று அனுப்புகிறவர்களை எந்தச் சட்டமும் தொடவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். 'ஆன்மிக நகரம்' என்று விளம்பரக்காரர்கள் அதையும் விலையில் சேர்க்கிறார்கள். சமத்துவத்தின் அடையாளமாக அவரைக் கொண்டாடுகிற ஊரில் சேரி இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

உழைப்பவருக்கு இடம் எங்கே?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலைகள் வந்தது வெறும் இழப்பு அல்ல. பண்ணையாரின் களத்தில் கை கட்டி நின்றவரின் மகள் பஸ் ஏறிப் போய், அட்டை மாட்டிக்கொண்டு, மாதச் சம்பளம் வாங்கினாள். நோக்கியாவில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அப்படி வேலை பார்த்தார்கள். ஊரில் கிடைக்காத மரியாதையின் ஒரு துளியை அது கொடுத்தது. அதைக் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா மூடப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் அங்கேயே ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. வேலை போனவர்கள் கையில் ஒரு செட்டில்மென்ட் தொகையோடு ஊர் திரும்பினார்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தைச் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆலை மூடினாலும் நிலத்தின் விலை காத்திருக்கும், மீண்டும் ஏறும். வேலை இழந்தவரின் வயது காத்திருக்காது. 2022இல் மறைமலை நகரில் ஃபோர்டு நிறுத்தியபோதும் இதே கதைதான். ஆலையை நம்பி மனை வாங்கியவர் 'சந்தை கொஞ்சம் மந்தம்' என்பார். ஆலையை நம்பி வாழ்ந்தவருக்கு அது வாழ்க்கையே நின்றுபோவது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். காரணம் விடுதி உணவு. நச்சுணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நெரிசலான அறைகளில் தரையில் படுத்து எழுந்து ஐபோன் செய்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான் தொழிலாளர் தங்குமிடம் என்பது அரசின் காதில் விழுந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் – வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் விடுதி வீடு அல்ல. வேலை இருக்கும்வரை படுக்கை; வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டும். மிராசுதாரர் மண்ணில் குடிசை போட்டவரின் பயத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நின்றார்கள். கேட்டது சங்கம் வைக்கும் உரிமை. அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலையும் அக்டோபரில் போலீஸ் பிரித்துப் போட்டது. இத்தனை ஆயிரம் ஏக்கர் கைமாறிய வட்டாரத்தில், உழைத்தவர்கள் உட்கார்ந்து பேச ஒரு பந்தல் அளவு இடம் இல்லை.

பத்திரத்தில் தெரியாதது

இனி மனை வாங்க நினைப்பவர்களுக்கு நேரடியாக. உங்கள் வக்கீல் முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்து 'கிளியர்' என்பார். 1920களிலோ 1930களிலோ வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் முப்பது வருட வில்லங்கத்தில் எப்படித் தெரியும்? தெரியாது. டி.டி.சி.பி. அனுமதி என்பது சாலை அகலத்தையும் பூங்காவையும் பார்ப்பது. ரெரா பதிவு என்பது கட்டுநருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பாதுகாப்பு. இவை இரண்டுமே நூறு ஆண்டுக்கு முன் யாருக்கு, என்ன நிபந்தனையோடு நிலம் கொடுக்கப்பட்டது என்பதைத் தேடிப் பார்க்கும் ஏற்பாடுகள் அல்ல.

பார்க்க வேண்டியது வருவாய்த் துறையின் பழைய ஆவணங்கள். கிராம 'அ' பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு, நில ஒப்படை ஆவணம். அவற்றில் 'டி.சி.' என்ற குறிப்போ, 'நிபந்தனைப் பட்டா' என்ற குறிப்போ, ஆதிதிராவிடர் ஒப்படை என்ற குறிப்போ இருக்கிறதா என்று தேடுங்கள். தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். அப்படி ஒரு குறிப்பு இருந்தால், எத்தனை கை மாறியிருந்தாலும் உங்கள் கிரயம் ஆட்டம் காணும். பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும், அதிலிருந்து அவர்களை வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), (ஜி) பிரிவுகளின் கீழ் குற்றம்.

ஏரியையும் பாருங்கள். காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். 2015 டிசம்பரில் அடையாற்றின் மேல்பகுதி ஏரிகள் நிரம்பி வழிந்தபோது வரதராஜபுரமும் முடிச்சூரும் முழுகின. ஒரகடம் பக்கத்து ஏரித் தண்ணீரும் அந்த வழிதான் போகிறது. கலங்கலுக்குக் கீழே மேட்டு மண் கொட்டிச் சமன் செய்த மனைப்பிரிவு அழகாகத்தான் இருக்கும். அது தள்ளிவிடும் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்தில் இருப்பது எது என்று பாருங்கள். பல ஊர்களில் சேரிதான் இருக்கும்.

இதைச் செய்வது முதலில் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் அங்கேயே நிறுத்திக்கொண்டால், பஞ்சமி நிலம் என்பது 'தவிர்க்க வேண்டிய வில்லங்கம்' மட்டுமாகிவிடும். நாம் தவிர்த்துவிட்டு வந்த மனையை அடுத்தவர் வாங்குவார். சர்வே எண் கையில் கிடைத்தால் அதை அந்த ஊரின் மக்களிடமும் நில உரிமை இயக்கங்களிடமும் கொண்டு சேருங்கள். யாருடைய தாத்தா பெயரில் அந்த நிலம் இருந்தது என்பது பல சமயம் அவர்களுக்கே தெரியாது.

என்ன கேட்க வேண்டும்?

ஒன்று: காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் பஞ்சமி நிலப் பட்டியலைக் கிராமவாரியாக அரசு இணையத்தில் வெளியிட வேண்டும். பத்திரப்பதிவுக் கணினியில் அந்தச் சர்வே எண்களைப் பூட்ட வேண்டும். கோயில் நிலத்துக்கும் நீர்நிலைக்கும் இதைச் செய்ய முடிகிற அரசுக்குப் பஞ்சமி நிலத்துக்குச் செய்ய முடியாதா?

இரண்டு: சிப்காட்டுக்கும் விமான நிலையத்துக்கும் எடுக்கும் நிலத்தில், நிலமற்ற தொழிலாளர் குடும்பங்களின் பட்டியலை முதலில் எடுக்க வேண்டும். நேரடியாக விலை பேசி வாங்கினாலும் 2013 சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் உள்ள நிலத்துக்கு நிலம் என்ற உரிமையைப் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு உறுதி செய்ய வேண்டும்.

மூன்று: நிலமற்ற பட்டியல் சாதிப் பெண்கள் நிலம் வாங்க 'நன்னிலம்' திட்டத்தில் அரசு 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் தொழில் வழித்தடம் விலையை ஏற்றிவிட்ட ஊர்களில் அந்தத் தொகை எத்தனை சென்டுக்கு வரும்? உச்சவரம்பை அந்தந்தப் பகுதியின் விலைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அல்லது சிப்காட் எடுக்கும் நிலத்திலேயே ஒரு பங்கை இவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

நான்கு: வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் சாதி பார்ப்பதைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டம் வேண்டும். சாதியைச் சொல்லியோ சுட்டியோ மனை விற்கும் திட்டங்களின் ரெரா பதிவை ரத்து செய்ய வேண்டும்.

இவை வானத்தை வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. கொங்கணத்தில் கோத்தி நில முறையை ஒழிக்க 1937இல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தவர் அம்பேத்கர். அடுத்த சனவரியில் விவசாயிகளைத் திரட்டிச் சட்டசபை நோக்கி ஊர்வலமும் போனார். சாதி ஒழிப்பையும் நிலத்தையும் அவர் தனித்தனிக் கோப்புகளில் வைக்கவில்லை. நாமோ சினிமாவில் சாதி, பள்ளிக்கூடத்தில் சாதி, காதலில் சாதி பற்றி நிறையப் பேசுகிறோம். பேச வேண்டும். ஆனால் சதுர அடியில் சாதி பற்றிப் பேச்சு வந்தால், பாதிப் பேர் மனை விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபைகள் கூடுகின்றன. கோடையில் ஜமாபந்தி நடக்கிறது. அங்கே கிராமக் கணக்குகள் மேசைக்கு வரும். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் பக்கம் ஊர் உள்ளவர்கள் இந்த வருடம் ஒரே ஒரு மனுவைக் கொண்டு போங்கள்: எங்கள் ஊரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படை செய்யப்பட்ட நிலங்களின் சர்வே எண், பரப்பு, இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற விவரம் தாருங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முப்பதாவது நாள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஊருக்கு ஒருவர் இதைச் செய்தாலே, அரசு வெளியிட மறுக்கிற பட்டியலை நாமே தொகுக்கத் தொடங்கிவிடலாம்.